ஆறு வோல்ற்று வெளிச்சம்

மாங்குளம் சந்தியில் மாலை ஏழு மணியளவில் சற்று நேரம் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கண்டி – யாழ்ப்பாணப் பெருவீதியால் வடக்கும் தெற்கும் விரையும் சொகுசு பஸ்களும் கார்களும் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு போகின்றன. அந்த ஒளியில் வீதியோரப் பாலைமரத்தின் இலைகளைக்கூட எண்ணிவிடலாம். வாகனம் கடந்த மறுகணம் இருள் முன்னையிலும் கறுப்பாக வந்து மூடிக்கொள்கிறது. அந்த இருளுக்குள், கூலிவேலை முடித்து முல்லைத்தீவு வீதியால் நடந்து வரும் பெண்களும், சைக்கிளில் வீடு திரும்பும் மாணவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். வெளிச்சம் வருவது அவர்களுக்கு வழி காட்டுவதற்காக அல்ல. அவர்கள் வழிவிட வேண்டும் என்பதற்காக.

இதைப் பற்றிக் கோபத்தோடு நான்கு பக்கம் எழுதிவிடலாம். ஆனால் கோபப்படும் உரிமை எனக்கு உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்து மழைநாள் ஒன்றில், என்னிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவனை நானே என் காரால் இடித்து வீழ்த்தினேன். அதற்குக் காரணம் மிஞ்சிய வெளிச்சமன்று, போதாத வெளிச்சம். அந்தப் போதாமை எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்த கதையே இக்கட்டுரை.

எங்கள் கார் ஒரு போர்ட் பிறிபெக்ற். இங்கிலாந்திலே 1949 முதல் 1953 வரை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1172 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய இயந்திரம். பாட்டனார் அதைப் பழைய காராக வாங்கி, மாங்குளம் புகையிரத நிலையத்தில் வந்திறங்குவோரை ஒட்டுசுட்டானுக்கும் முல்லைத்தீவுக்கும் ஏற்றிச் செல்லும் வாடகைக் காராக ஓட்டினார். வைகாசிப் பொங்கல் காலத்தில் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு ஒரே நாளில் நான்கு தடவை போய்வந்த பெருமை அதற்கு உண்டு. அவருக்குப் பின் அப்பா ஓட்டினார்.

வடக்கிலே இன்றும் கண்ணிற்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் சோமசெற் போன்ற பழைய கார்களுக்கும் எங்கள் காருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவை பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியில் ஓடுபவை. எங்களுடையது ஆறு வோல்ற்று. 1960களின் நடுப்பகுதி வரை வந்த வொக்ஸ்வாகன் வண்டுக் கார்களும் இவ்வகையே. இந்த வேறுபாட்டைச் சிறுவயதில் நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. போர்க்காலத்தில் அது ஒரு வசதியாகவே இருந்தது.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலோடு பற்றரியும் தடைப்பட்ட பொருளாயிற்று. ஈயப் பற்றரியின் ஓர் அறை இரண்டு வோல்ற்றுத் தரும். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியில் ஆறு அறைகள். யாரோ கழித்துவிட்ட உழவு இயந்திரப் பற்றரியில் மூன்று அறைகளாவது உயிரோடிருந்தால் எங்கள் காருக்கு அது போதும். அப்பா மேல் தாரைச் சுரண்டி, உயிருள்ள மூன்று அறைகளிலிருந்து மட்டும் கம்பி எடுப்பார். முன்னால் கைபிடியை விட்டுச் சுற்றி, ஒரு துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்.

1998இல் போர் மாங்குளத்தை நெருங்கியபோது நாங்கள் மல்லாவிக்கு இடம்பெயர்ந்தோம். அங்கே இரவில் அப்பாவை எழுப்ப வருபவர்கள் இருவகையினர்: பிள்ளைப்பேற்று வலி கண்ட பெண்ணின் உறவினர்; பாம்பு கடித்தவரின் உறவினர். அக்காலத்தில் வன்னியிலே வெளிச்சம் என்பது ஆபத்து. மேலே பறக்கும் விமானத்துக்குக் கீழே தெரியும் ஒரு விளக்கு போதும். எனவே அப்பா இரண்டு முன்விளக்குக் கண்ணாடிகளிலும் மேற்பாதிக்குக் கறுப்பு வர்ணம் பூசினார். நான் ஒன்பது வயதுச் சிறுமியாகப் பக்கத்தில் நின்று வர்ணப் பேணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சிய அரை வெளிச்சத்தில் அவர் ஊர்ந்து போவார். இரைச்சல் கேட்டால் அந்த அரை வெளிச்சத்தையும் அணைத்துவிடுவார். அவ்வாறு அணைத்த இருளில் பிறந்த குழந்தைகளுள் சிலர் இன்று என்னோடு படிப்பிக்கிறார்கள்.

2002இல் பாதை திறந்தது. 2005இல் இயந்திர வேலைக்காக அப்பா காரை வவுனியாவுக்குக் கொண்டுபோய், வேலைக்குரிய பணம் சேரும்வரை சித்தப்பா வீட்டில் நிறுத்தினார். பணம் சேருமுன் போர் மீண்டும் வந்தது. கார் அங்கே நின்றதனாற் பிழைத்தது. 2009 மே மாதத்தில் அம்மாவும் நானும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா எங்களோடு வரவில்லை.

பின்பு நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்று ஆசிரியையானேன். 2019இல் காரைத் திருத்தி மாங்குளத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய ஸ்கூட்டரின் விலைகூட ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே பாட்டனாரின் கார் மீண்டும் வேலைக்காரனாயிற்று. இயந்திரத்தைத் திருத்தினேன், இருக்கைகளுக்குத் துணி மாற்றினேன். கண்ணாடியிலிருந்த கறுப்பு வர்ணத்தில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அதில் அப்பாவின் தூரிகைக் கோடுகள் தெரிந்தன.

முன்விளக்கு மங்கலாயிருந்தது எனக்குத் தெரியாததன்று. அதற்கு நான் கண்ட மருந்து, கொழும்பிலிருந்து அறுபது வாற்று மின்குமிழ்கள் இரண்டை வருவித்தது. பழையவை முப்பத்தாறு வாற்று. முப்பத்தாறை அறுபதாக்கினால் வெளிச்சமும் அவ்வாறே பெருகும் என்பது என் கணக்கு. முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பெருகியது போலவே இருந்தது. மனநிறைவோடு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அந்த மார்கழி மாலை, சாதாரண தர மாணவர்களுக்கு மேலதிக வகுப்பு முடிந்தபோது ஏழு மணி. மழை விட்டும் விடாமலும் இருந்தது. வீதியிலே மாடுகள் படுத்திருந்தன. பள்ளங்களில் நீர் நின்றது. நான் மிக மெதுவாகவே ஓட்டினேன். மெதுவாக ஓட்டியது பாதுகாப்பு என்று நினைத்தேன்; அதுவே விளக்கைக் கொன்றுகொண்டிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, இறுதியில் இரண்டு தணற்கட்டிகள் மட்டுமே முன்னால் இருந்தன. அவற்றுக்கு முன்னே, விளக்கில்லாத சைக்கிளில், அரை மணி நேரத்துக்கு முன் என் வகுப்பில் இருந்த சிறுவன் போய்க்கொண்டிருந்தான். சைக்கிளின் பின்சில்லு நெளியும் ஓசை கேட்ட பிறகே அவனைக் கண்டேன்.

காறை எலும்பு முறிந்தது. அவ்வளவோடு போயிற்று. மாங்குளம் வைத்தியசாலைக்கு நானே ஏற்றிச் சென்றேன். பொலிசிலும் நானே சொன்னேன். செய்தி கேட்டு அவனுடைய தாய் ஓடிவந்தார். நான் பேச வாயெடுக்குமுன் அவர் சொன்னார்: "ரீச்சர், நீங்கள் வேணுமெண்டு இடிச்சனீங்களே? அழாதேங்கோ." சற்றுப் பொறுத்து, தனக்குத்தானே சொல்வதுபோல, "இவன்ரை சைக்கிளிலை ஒரு லைற் இருந்திருந்தா நீங்கள் கண்டிருப்பியள்தானே" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். காரில் வந்தவள் நான். விழுந்தவன் அவருடைய மகன். அப்படியிருக்க, குற்றத்தை அவர் தன் வறுமையின்மேல் ஏற்றிக்கொண்டார். காலங்காலமாக இல்லாதவர்களுக்கு நாம் கற்பித்து வைத்திருக்கும் பாடம் இது. இதைக் கற்பித்தவர்களுள் ஆசிரியர்களாகிய நாமும் அடக்கம்.

சந்தியிலிருந்து சிறிது தூரத்தில், தகரக் கொட்டிலில் பற்றரி வேலை செய்யும் ஐயா ஒருவர் இருக்கிறார். எழுபது வயது கடந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போர்க்காலம் முழுவதும் வன்னியின் பற்றரிகளையும் தைனமோக்களையும் உயிரோடு வைத்திருந்த கைகளுள் அவருடையவையும் இரண்டு. காரைக் கொண்டுபோய் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. பழைய மீற்றர் ஒன்றை எடுத்துவந்தார்.

முதலில் பற்றரியை நன்றாக ஏற்றி, விளக்குகளை எரியவிட்டு, பற்றரியின் முனைகளில் அளந்தார்: ஆறு வோல்ற்று. பின்பு விளக்கின் பின்னால், மின்குமிழின் முனைகளிலேயே அளந்தார்: நாலரை. "ஒண்டரை வோல்ற்று எங்கை போட்டுது, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். ஆசிரியை நான், விடை தெரியாமல் நின்றேன். பழைய முப்பத்தாறு வாற்றுக் குமிழ்களைப் பூட்டி அளந்தார்: ஐந்து வோல்ற்று. "பல்ப்பிலை பிழையில்லை. வெளிச்சம் வாற வழியிலை செத்துப்போகுது."

அவர் காட்டிய வழியைப் பின்தொடர்ந்தேன். பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் எழுபதாண்டுப் பழமையான கம்பியாலே சுவிச்சுக்கு வருகிறது. சுவிச்சின் தேய்ந்த பித்தளைத் தகட்டைத் தாண்டுகிறது. மீண்டும் மெல்லிய கம்பியாலே விளக்குக்குப் போகிறது. விளக்கிலிருந்து, துருப்பிடித்த ஆணி ஒன்றின் வழியாகக் காரின் உடலுக்குள் இறங்கிப் பற்றரிக்குத் திரும்புகிறது. எல்லா இடத்துத் தடையையும் கூட்டினால் ஓர் ஓமின் பத்திலொரு பங்குதான். அற்பமான தடை. ஆனால் ஆறு வோல்ற்றுக் காரில் அது அற்பமன்று.

காரணம் எளிது. முப்பத்தாறு வாற்று விளக்கு பன்னிரண்டு வோல்ற்றில் மூன்று அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆறு வோல்ற்றிலோ ஆறு அம்பியர் வேண்டும். வலு ஒன்றே, அழுத்தம் பாதியானால் ஓட்டம் இரட்டிக்கும். ஓட்டம் இரட்டித்தால் கம்பியில் இழக்கும் வோல்ற்றும் இரட்டிக்கும். இரட்டித்த இழப்பு, பாதியாயிருக்கும் முதலிலிருந்து கழிகிறது. அதாவது, ஒரே துரு ஆறு வோல்ற்றுக் காரைப் பன்னிரண்டு வோல்ற்றுக் காரிலும் பார்க்க நான்கு மடங்கு தண்டிக்கிறது. ஏழை வீட்டில் ஒரு நாட்கூலி தவறினால் அடுப்பு அணைகிறது. வசதியுள்ள வீட்டில் அதே இழப்பு கணக்குப் புத்தகத்தில்கூட ஏறுவதில்லை. அதைப் போன்றதே இதுவும்.

தண்டனை அத்தோடு முடிவதில்லை. இழை மின்குமிழின் ஒளி, வோல்ற்றளவு குறைவதிலும் மிக விரைவாகக் குறையும். ஆறு வோல்ற்றுக் குமிழுக்கு ஐந்து வோல்ற்று மட்டும் கிடைத்தால் அது தன் ஒளியில் ஏறக்குறைய பாதியையே தரும். நாலரைதான் கிடைத்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்களவே. நான் வாங்கிய அறுபது வாற்றுக் குமிழ்கள் கூடுதலான மின்னோட்டத்தை இழுத்து, வழியிலேயே கூடுதலாக இழந்து, மிஞ்சியதைக்கொண்டு முதற் பத்து நிமிடம் என்னை ஏமாற்றின.

அதற்குப் பின் நடந்ததற்குக் காரணம் தைனமோ. பற்றரி ஒரு களஞ்சியம் மட்டுமே. அதை நிரப்புவது தைனமோ. எனது புதிய குமிழ்கள் இரண்டும் இருபது அம்பியர் கேட்பவை. பின்விளக்கும் இயந்திரத்தின் தீப்பொறியும் அதற்கு மேல். அந்தக் கிழத் தைனமோ முழு வேகத்திற் சுழன்றாலும் அவ்வளவு தராது. வண்டி ஊரும் வேகத்திலோ அது எதுவுமே தருவதில்லை. பற்றரி நிரப்புவாரின்றிக் கரைந்துகொண்டிருந்தது. பெரிய குமிழ்கள் அந்தக் கரைவை விரைவாக்கின. வெளிச்சத்தைக் கூட்ட நான் செய்த காரியமே அந்த மாலையை இருட்டாக்கியது.

ஐயா செய்த முதல் வேலைகளுக்குச் செலவு மிகக் குறைவு. ஆணியை நம்பாமல், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியான தடித்த கம்பியொன்றைப் பற்றரியின் மறுமுனைக்குக் கொண்டுசென்றார். விளக்குக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் சுவிச்சால் சுற்றிவரத் தேவையில்லை என்று, முன்பக்கத்தில் ஒரு ரிலேயைப் பூட்டினார். சுவிச்சு இனி ரிலேக்குச் சிறு கட்டளை மட்டும் கொடுக்கும். பாரத்தைத் தடித்த கம்பி குறுக்குவழியாற் சுமக்கும். முன்பு யாரோ பன்னிரண்டு வோல்ற்றுக் காருக்குரிய மெல்லிய பற்றரி வடத்தைப் போட்டிருந்தார்கள், அதையும் மாற்றினார். தைனமோவைக் கழற்றி, தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றி, செப்பு வளையத்தைத் துடைத்து, தளர்ந்த பட்டியை இறுக்கினார். பழைய முப்பத்தாறு வாற்றுக் குமிழ்களையே மீண்டும் பூட்டி அளந்தபோது விளக்கின் முனையில் ஐந்து தசம் எட்டு வோல்ற்று இருந்தது. அதே குமிழ், ஒளி முன்னையிலும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

பின்பு அவர் கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கறுப்பு வர்ணம் எதற்குப் பூசப்பட்டது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் பூசியிருப்பார்.

"கொப்பர் பூசினதே?"

"ஓம் ஐயா."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு சவர அலகை எடுத்து என் கையில் தந்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சுரண்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. வர்ணத்தோடு தூரிகைக் கோடுகளும் தூளாகி விழுந்தன. அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அப்பா அந்த வர்ணத்தைப் பூசியது வண்டிக்குள் இருந்தவர்களையும் ஊரையும் காப்பாற்ற. அதே காரியத்துக்காக இன்று அதை அகற்ற வேண்டியிருக்கிறது. வர்ணத்தைக் காத்து நோக்கத்தைக் கைவிட்டவள் நான். நினைவைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு, நினைவுகூரப்படுபவர் யாருக்காக இரவெல்லாம் கார் ஓட்டினாரோ அவர்களுடைய பிள்ளை ஒருவனையே வீழ்த்தினேன்.

ஆறு வோல்ற்றுக்குள் செய்யக்கூடியதை ஐயா செய்து முடித்தார். செய்யமுடியாதது ஒன்று எஞ்சியது. ஊரும் வேகத்தில் தைனமோ மின்சாரம் தராது. அது அதன் பிறவிக் குணம். எங்கள் வீதிகளிலோ ஊர்ந்துதான் போகவேண்டும். சில மாதங்களிற் பற்றரியும் ஓய்ந்தது. ஆறு வோல்ற்றுக் கார்ப் பற்றரியைத் தேடி அலைந்தேன். பன்னிரண்டு வோல்ற்றோ எந்தக் கடையிலும் இருந்தது. பன்னிரண்டுக்கு மாற்றி, தைனமோவுக்குப் பதிலாக அல்ரனேற்றர் பூட்டுவதே வழி என்றார் ஐயா.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எனக்கு விளக்கியது சைக்கிளை வைத்து. காரின் தைனமோவில் மின்சாரம் பிறக்கும் சுருள் நடுவில் சுழல்கிறது. பிறந்த மின்சாரம் முழுவதையும் கரித்துண்டுகள் உரசி எடுக்க வேண்டும். வேகமும் பாரமும் கூடினால் அங்கே பொறி பறக்கும். அல்ரனேற்றரில் இது தலைகீழ்: காந்தம் சுழல்கிறது, மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்கிறது. ஆகவே அதை விரைவாகச் சுழற்றலாம். மெல்ல ஓடும் இயந்திரத்திலும் பற்றரி நிரம்பும். ஆனால் அதில் பிறப்பது முன்னும் பின்னும் ஆடும் ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். ஒரு திசையில் மட்டும் வழிவிடும் டயோட்டுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1960களிற்றான் கார்கள் பரவலாக அல்ரனேற்றருக்கு மாறின.

"சைக்கிள் தைனமோவும் அப்பிடித்தானே, பிள்ளை. உள்ளுக்கை சுத்துறது காந்தம். நாலு டயோட்டுப் போட்டு நாங்கள் ரேடியோ கேக்கேல்லையே?"

நான் திகைத்துப்போனேன். மல்லாவியில் இரவு ஒன்பதே கால் மணிக்கு எங்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அயல்வீட்டு அண்ணன்மார் முறைவைத்து மிதியைச் சுற்ற, பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகளின் வழியே மின்சாரம் வந்து பி.பி.சி. தமிழோசை பேசிய காட்சி கண்முன் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் தம் கார்களிற் செய்த மாற்றத்தின் அடிப்படை எதுவோ, அதையே பற்றரி மறுக்கப்பட்ட மக்கள் ஒரு முற்றத்தில் செய்திருக்கிறார்கள். அதை நாங்கள் வறுமையின் தந்திரம் என்று சொல்லிச் சிரித்தோம். அறிவு என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

மாற்றும் வேலை தொடங்குமுன் தெற்கிலிருந்து ஒருவர் காரைக் கேட்டு வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர், நல்ல மனிதர். ஆறு வோல்ற்றுத் தைனமோவோடு, பிறந்தபடியே இருந்தால் மட்டும் தருவதாக அவர் சொன்ன விலை என் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. கம்பி மாற்றியதையும் ரிலே பூட்டியதையும் கண்டு வருந்தினார். ரிலேயைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். அவருடைய வருத்தம் பொய்யன்று. ஒரு காலத்தின் கைவேலையை அக்காலத்தவர் செய்தபடியே காத்து வைப்பதும் ஒரு தொண்டே. ஆனால் அத்தகைய கார் கண்காட்சிக்கூடத்தில் நிற்கவேண்டும். இருட்டில் பிள்ளைகள் போகும் வீதியில் ஓடக்கூடாது. எனக்கு வீதியில் ஓடும் கார் வேண்டும். ஒரு வாரம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் மருந்துச் செலவு அப்படி. இறுதியில் கொடுக்கவில்லை.

2024இன் பிற்பகுதியில் மாற்றி முடித்தோம். கழித்த சிறிய ஜப்பான் வான் ஒன்றின் அல்ரனேற்றரை ஐயா பிடியொன்று ஒட்டிப் பூட்டினார். எங்கள் கார் பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்த பழைய முறையது. அல்ரனேற்றருக்கு எதிர்முனையே உடலோடு இணையவேண்டும். தலைகீழாகப் பூட்டினால் டயோட்டுகள் கணத்தில் எரிந்துவிடும் என்பதனால் அவர் மும்முறை பார்த்தே இணைத்தார். மின்குமிழ்கள், தீப்பொறிச் சுருள், ஹோர்ன் ஆகியவற்றை மாற்றினோம். எண்ணெய் அளவுகாட்டிக்கு வோல்ற்றைக் குறைத்துக் கொடுத்தோம். ஸ்ராட்டர் மோட்டரை மட்டும் மாற்றவில்லை. பன்னிரண்டு வோல்ற்றில் அது வெறிபிடித்ததுபோற் சுழலும். "தொட்டவுடனை விட்டுடு பிள்ளை, அமத்திக்கொண்டு நிக்காதை" என்பது அவருடைய கட்டளை. மின்குமிழ்களை முப்பத்தாறு வாற்றுக்கு மேல் போக அவர் விடவில்லை. இப்போது கிடைக்கும் எல்.ஈ.டி. குமிழ்களைப் பற்றிக் கேட்டேன். பழைய விளக்கின் குழிந்த தட்டு இழைக் குமிழுக்காக வளைக்கப்பட்டது; அதில் வேறு வகைக் குமிழைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவனின் கண்ணில் அடிக்கும் என்றார். "உனக்குத் தெரிஞ்சாப் போதுமே? அவனுக்கும் தெரிய வேணும்."

ஆசிரிய நண்பர்களே, இந்தச் சொல் என்னை வகுப்பறை வரை பின்தொடர்ந்தது. பெறுபேறு மங்கும்போதெல்லாம் நாம் செய்வது என்ன? அறுபது வாற்றுக் குமிழை வாங்குகிறோம். புதிய பாடத்திட்டம், புதிய கணினித் திரை, கெட்டிக்காரர் நால்வருக்குத் தனி வகுப்பு. காலையில் உண்ணாமல் வரும் பிள்ளையிடத்தும், கூலிக்குப் போய் வாரத்தில் இரு நாள் வராத பிள்ளையிடத்தும், பஸ் இல்லாத கிராமத்திடத்தும் வழியிலேயே எவ்வளவு இழந்துபோகிறது என்று மீற்றரை வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? பிள்ளை மங்கல் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம். பிள்ளையிலே பிழையில்லை. பன்னிரண்டு வோல்ற்று வீட்டுப் பிள்ளைக்கு உறைக்காத துரு, ஆறு வோல்ற்று வீட்டுப் பிள்ளையை நான்கு மடங்கு தண்டிக்கிறது. மெதுவாக ஊர்ந்தாவது பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, அந்த ஊர்தலிலும் பற்றரி நிரம்பும் ஏற்பாடு எங்கே இருக்கிறது?

தாய் சொன்ன சொல்லுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. காரின் விளக்கு நன்றாயிற்று, சிறுவனின் சைக்கிள்? போர் முடிந்த பின் நிவாரணமாக வந்து, அக்காவிடமிருந்து அவனிடம் வந்த சைக்கிள் அது. விளக்குப் பூட்டும் துளைகூட அதில் இல்லை. எங்கள் வகுப்பில் எண்ணிப் பார்த்தேன்: சைக்கிளில் வருபவர் பதினான்கு பேர், விளக்குள்ளது ஒன்று. முற்றத்துக்கு முற்றம் தைனமோ இருந்த மண் இது.

விஞ்ஞான ஆசிரியரும் நானும் ஐயாவைப் பள்ளிக்கு அழைத்தோம். "அவருக்கு என்ன தகைமை?" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலோடு வாதாடவில்லை. அவரை வகுப்பின் முன் நிறுத்தினோம். நாற்காலியில் இருக்கக் கூச்சப்பட்டு, மேசையருகே நின்றபடி, ஒரு தைனமோவைப் பிரித்துக் காந்தத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். காறை எலும்பு பொருந்திய சிறுவன் முதல் வரிசையில் இருந்தான். ஊர் முழுவதும், சைக்கிள் கடைகளின் பழைய இரும்புக் குவியல்களிலும் வீட்டுப் பரண்களிலும் தேடியதில் ஏழு தைனமோக்கள் கிடைத்தன. ஆறு வோல்ற்று, மூன்று வாற்று: எங்கள் காரின் பழைய வோல்ற்றளவே. அவற்றோடு சிறிய எல்.ஈ.டி. விளக்குகளையும் டயோட்டுகளையும் மாணவர்களே பற்றாசு வைத்து ஒட்டினார்கள். அந்த மூன்று வாற்றில் பழைய இழைக் குமிழைவிட அவை நன்றாகவே எரிகின்றன. பின்விளக்குக்கு மட்டும், மின்னைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தார்கள். சைக்கிள் நின்றாலும் பின்னால் வருபவருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியவேண்டுமல்லவா? தைனமோ கிடைக்காத ஆறு சைக்கிள்களுக்குச் சிவப்புத் தெறிப்பான்கள் மட்டும் ஒட்டியிருக்கிறோம். அது போதாது. பெருவீதியிற் பாயும் பஸ்களின் வெளிச்சத்தை எங்களாற் குறைக்க முடியவில்லை. சந்தியைத் தாண்டினால் எங்கள் வீதி இன்றும் இருட்டே.

ஆயினும் மேலதிக வகுப்பு முடிந்த மாலைகளில் நான் காரை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, முல்லைத்தீவு வீதியில் எனக்கு முன்னே சிறிய சிவப்புப் புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. தொலைவிலேயே தெரிகின்றன. கிட்டப் போனதும் நான் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே மெதுவாக ஊர்கிறேன். இப்போது ஊர்ந்தாலும் வெளிச்சம் குறைவதில்லை.